பேப்பரில் நாற்பது

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவும் அறையில், அவளுக்குத் 'திட்டக்காரி' என்று பெயர். மற்றவர்கள் அடுத்த லீவு எப்போது என்று யோசிக்கும்போது, அவள் பத்து வருஷத்துக்கு அப்பால் யோசிப்பாள். அதனால் வந்த கேலி.

ரத்தம் காய்ந்த கத்தரிகளும் இடுக்கிகளும் தட்டுத் தட்டாக அந்த அறைக்கு வந்து இறங்கும். தொட்டியில் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றையும் விரித்து, இடுக்கு விடாமல் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன்கள் உட்கார்ந்து, உலர்ந்த கருவிகளை எண்ணி, இரட்டைத் துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்துக்குள் அனுப்புவார்கள். இந்தப் பக்கம் சரியாகக் கழுவாவிட்டால் எந்த நீராவியாலும் பயனில்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாற்காலியும் நிரந்தர வேலையும் அந்தப் பக்கம்தான்.

கண்ணாடியைத் தாண்ட அவள் இருபத்தேழு வயதில் திட்டம் போட்டாள். எட்டாவதோடு நின்ற படிப்பு. பழைய டியூட்டி அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதினாள்: பத்தாவது, பன்னிரண்டாவது, மாலை நேரச் சான்றிதழ் வகுப்பு, கடைசியாகத் துறைத் தேர்வு. நாற்பது வயது ஆகிவிட்டால் அந்தத் தேர்வை எழுத விடமாட்டார்கள். பத்தாவதில் கணக்கு இரண்டு முறை காலை வாரியது. மகள் பிறந்ததில் ஒரு வருஷம் போனது. ஆனாலும் முப்பத்தெட்டு வயதில் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் நிதானமாகப் படித்துத் தேர்வு எழுதலாம் என்று வைத்திருந்தாள்.

சான்றிதழ் நகலைக் கொடுக்க ஆபீசுக்குப் போனபோது கிளார்க் கோப்பைப் புரட்டினான்.

"ஏன்க்கா, இந்த வருஷம் அப்ளை பண்ணலையா? நாளைக்குக் கடைசி நாள்."

"அடுத்த வருஷம் எழுதறேன் தம்பி. படிக்க நிறைய இருக்கு."

"அடுத்த வருஷம் எப்படி? உங்களுக்குத்தான் நாப்பது ஆயிடுமே."

"எனக்கா? முப்பத்தொம்பதுதான் ஆகும்."

"பேப்பர்ல நாப்பதுக்கா."

பள்ளியில் சேர்க்கும்போது அப்பா ஒரு வயது கூட்டிக் கொடுத்திருந்தார். அது அவளுக்குத் தெரியாததல்ல. படிவங்களில் அந்தத் தேதியைத்தான் எழுதிவந்தாள். ஆனால் திட்டம் போடும்போது நிஜ வயதை வைத்தே போட்டாள். பதினோரு வருஷத்தில் இரண்டு வயதும் ஒரே தாளில் சந்தித்ததே இல்லை.

கழுவும் அறைக்குத் திரும்பியவளின் முகத்தைப் பார்த்து, பக்கத்துத் தொட்டிக்காரி கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"விடு. எல்லாம் தலையெழுத்துடி."

"தலையில ஒரு எழுத்தும் கிடையாது. பள்ளிக்கூட ரிஜிஸ்தர்ல எங்கப்பா எழுதினது. நீலப் பேனாவுல."

பதினோரு வருஷமாக அவள் கழுவிக் கொடுத்த கருவிகளை நம்பி ஆஸ்பத்திரி ஆயிரம் வயிறுகளைத் திறந்து மூடியிருக்கிறது. அந்தக் கைகள் நாற்பதாவது பிறந்தநாள் காலையில் தொழிலை மறந்துவிடுமா? எந்த அறிவாளி போட்ட விதி இது? அதைக் கேட்க அங்கே ஆளில்லை. அவளுக்குக் கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை. அன்று சாயங்காலமே விண்ணப்பம் போட்டாள். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

வீட்டில் சொன்னபோது அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"உங்கம்மா போனப்ப உனக்கு நாலு வயசும்மா. ரெண்டு மாசம் உன்னை பஸ்ஸிலயே கூட்டிட்டுப் போனேன். செக்கிங் வந்தவர் பாத்துட்டு வேலை போயிடும்னார். பள்ளிக்கூடத்துல அஞ்சு முடிஞ்சாத்தான் சேர்ப்போம்னாங்க. முடிஞ்சிருச்சுன்னு எழுதிட்டேன்."

"தெரியும்பா."

"உன்னோட ஒரு வருஷத்தைத் திருடிட்டேன்."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இல்லன்னா என்ன பண்ணியிருப்பீங்க? வெளியே பூட்டு போட்டுட்டுப் போயிருப்பீங்க. உள்ள நான் ஒரு வருஷம் அழுதிருப்பேன். அதுக்கு இது தேவலை."

அவர் அவளுடைய தலையில் கை வைத்தார். பிறகு, "புஸ்தகத்தைக் கொண்டா" என்றார்.

சமையலறை கணவனிடம் போனது. லிஃப்ட் பழுதுபார்ப்பவன். "மூணு வாரத்துக்கு உப்பு பத்தலைன்னு யாரும் புகார் கொடுக்கக் கூடாது" என்று முதல்நாளே அறிவித்துவிட்டான்.

கிருமிகளின் பெயர்கள் அவளுடைய மனதில் நிற்கவில்லை. அப்பா தன் தொழிலில் ஒரு வழி கண்டுபிடித்தார். எளிதில் சாகும் கிருமி முதல் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் கிருமி வரை, எல்லாவற்றையும் பஸ் நிறுத்தங்களாக வரிசைப்படுத்தி, கூடத்தில் நின்று கூவினார்.

"சோப்புத் தண்ணி ஸ்டாப்! யார் யார் இறங்கறது?"

அவள் பெயர்களைச் சொல்வாள்.

"கொதி தண்ணி ஸ்டாப்! இன்னும் இறங்காம யாரு உட்கார்ந்திருக்கறது?"

"ஸ்போர்ப்பா, ஓடு போட்ட கிருமி. அது கடைசி ஸ்டாப்லதான் இறங்கும். நீராவியில."

"அதுக்கு டபுள் டிக்கெட் போடு."

மகள் சுவரில் சாய்ந்து சிரித்துச் சிரித்து, கடைசியில் அம்மாவை முந்திக்கொண்டு அவளே ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

தேர்வில் கேள்விகளில் பாதி கையால் அறிந்தவை, பாதி பஸ்ஸில் வந்தவை. இரண்டு கேள்விகளைத் தொடக்கூட நேரமில்லை. காலி இடங்கள் நான்கு. அவள் ஐந்தாவதாக வந்தாள்.

ஐந்தாவது என்றால் காத்திருப்போர் பட்டியல். ஒரு வருஷம் செல்லும். பட்டியலில் ஏறியவருக்கு அப்புறம் வயது கூடினாலும் கவலையில்லை. அவள் தொட்டிக்கே திரும்பிப் போனாள். அப்பா தினமும் அவள் வரும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்ப்பார். எதுவும் கேட்கமாட்டார். ஏழு மாதம் அப்படிப் பார்த்தார். எட்டாவது மாதம், தேர்வான நால்வரில் ஒருவர் வேறு வேலைக்குப் போக, அந்த இடம் அவளுக்கு வந்தது. அன்றும் அப்பா கேட்கவில்லை; அவள்தான் வாசலிலேயே வேலை உத்தரவு உறையை நீட்டினாள். அவர் அதைப் பிரிக்காமல் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

திங்கட்கிழமை காலை அவள் கண்ணாடியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். சிறிய ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தொட்டிக்காரி முதல் தட்டை நீட்டினாள்.

"மேடம், சரியா கழுவியிருக்கேனா பாருங்க."

"மேடம்னு கூப்பிட்டா தட்டு திரும்பி வரும்."

"சரிடி, திட்டக்காரி."

அவள் தட்டிலிருந்த கருவிகளை எண்ணி முடித்தாள். ஜன்னலை மூடவில்லை.

"உனக்கு என்ன வயசு?"

"முப்பத்திரண்டு."

"பேப்பர்ல?"

தொட்டிக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பாக்கணும். நாளைக்கு சர்டிபிகேட்டைக் கொண்டுவரேன்."