மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளக்

ஆனி பிறந்து வந்த முதல் ஞாயிறு அது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள் மறுநாள் விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்துக்குத் திரும்பவிருந்தன. கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே என் தங்கையின் பேட்டரி ஆட்டோ சார்ஜில் நின்றது.

முன்பு அவள் ஓட்டியது டீசல் வண்டி. அது எஃப்.சி. தகுதிச் சோதனையில் தேறாமல் போனதும் பேட்டரி வண்டிக்கு மாறினாள். கரியமில வாயு, கடல்மட்டம், அரசாங்கத்தின் இலக்கு என்று நான் படித்ததையெல்லாம் சொல்லி அவளை மாறவைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. மூன்றாம் மாடியில் குடியிருப்பவள் வண்டிக்கு எங்கே சார்ஜ் போடுவாள் என்பது நான் படித்த எதிலும் இல்லை. குடியிருப்போர் சங்கத்தில் பேசி, தனி மீட்டரோடு படிக்குக் கீழே ஒரு பிளக் வாங்கினோம். பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று தீப்பிடித்து எரியும் வீடியோ எல்லார் செல்போனுக்கும் வந்து சேர்ந்த பிறகு, குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அன்று மதியம் டப்பென்று ஒரு சத்தம். கட்டடம் முழுக்க மின்சாரம் போனது. நானும் தங்கையும் இறங்கி ஓடினோம். சார்ஜர் மேல் ஐஸ் கட்டிகள். உருகிய தண்ணீர் கீழே இருந்த பிளக் போர்டுக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் காலி தெர்மாகோல் பெட்டியோடு கீழ்வீட்டு மீன்காரம்மா. தடைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் தங்கையின் வண்டியில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்.

"கை வெச்சிப் பாத்தேன், கொதிக்குது. வெடிச்சிடப் போவுதேன்னு நாளைக்கு வெச்சிருந்த ஐஸ அள்ளிப் போட்டேன். நல்லதுக்குத்தாம்மே போட்டேன்."

"யக்கா, ஷாக் அடிச்சி நீ போய்ச் சேர்ந்திருப்ப" என்றாள் தங்கை. சார்ஜரைத் துடைத்து எடுத்தாள். ஐஸ் கட்டிகளைக் காலால் சாக்கடைக்குத் தள்ளினாள்.

அதற்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தொட்டியில் தண்ணீர் இல்லை, மோட்டாரும் ஓடாது. சங்கச் செயலாளர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், பிளக்கைப் பார்த்துக் கத்தினார்.

"சொன்னேனா இல்லையா? இன்னிக்கு ஃபியூஸு, நாளைக்கு அத்தினி வூடும் சாம்பலு. இதுல பொகையே வராத வண்டியாம்! உனுக்குக் கரண்ட் குடுக்க எண்ணூர்ல கரி எரிச்சிப் பொகை விட்டுகினு கீறானே, அது உன் கண்ணுக்குத் தெர்ல?"

"உங்க வூட்டு ஏசி மட்டும் மல்லிப்பூ வாசத்துலயா ஓடுது, அண்ணே?" என்றாள் தங்கை.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, கட்டடத்துக்கு லைன் கொடுத்ததும் இந்தப் பிளக்கைக் கழற்றிவிடச் சொன்னார்.

தங்கையின் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு ஒருநாள் வுடுங்கண்ணே. தடைக்காலம் பூரா சவாரியே இல்ல. நாளைக்கு நான் நிக்கலைன்னா டீசல் வேன்காரன் என் ஆளுங்கள ஏத்திக்குவான். அப்புறம் யாரும் என் வண்டிக்குத் திரும்ப மாட்டாங்க."

நடந்ததைச் சொல்ல நான் வாய் திறந்தேன். தங்கை என் கையை அழுத்தினாள். மீன்காரம்மாவைக் கூட்டத்தில் காட்டிக்கொடுத்தால் முதல் சவாரியே போய்விடும். நான் நிறுத்திக்கொண்டேன். கட்டடத்துக்கு லைன் கொடுத்து முடித்த எலக்ட்ரீசியன் பிளக்கின் முதல் திருகைக் கழற்றினான்.

"அந்தப் பொண்ண ஏன் வையிற? ஐஸ் கொட்னது நானு" என்றார் மீன்காரம்மா.

செயலாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "யார் கொட்னா இன்னாம்மா? இவ்ளோ பேரு வந்து போற எடத்துல இது வேணாம். அவ்ளோதான்."

பிளக் கழன்று வந்தது. வண்டியில் பாதி சார்ஜ்கூட ஏறியிருக்கவில்லை. மீன் கூடைகளோடு திரும்பி வர அது போதாது.

கூட்டம் கலைந்தது. மீன்காரம்மா தன் வீட்டு ஜன்னலைத் திறந்தார். "கிரைண்டர் பிளக்கு கீது. ஒயர உள்ள வுடு."

"அத்தை, ஜன்னலாண்டதான் புள்ள தூங்குது" என்று உள்ளிருந்து மருமகளின் குரல் வந்தது.

"அப்ப புள்ளயத் தூக்கினு உங்கம்மா வூட்டுக்குப் போ. காலைல வா."

"அந்த வண்டிக்காகப் புள்ளய வெளிய அனுப்புறியா?"

மீன்காரம்மா கிரைண்டர் ஒயரைப் பிடுங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் பால்புட்டிப் பையோடு வெளியே வந்தாள். எங்களைக் கடக்கும்போது தங்கையின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

ஜன்னல் கம்பி வழியாக ஒயர் உள்ளே போயிருந்தது. தங்கை உள்ளே போய்ச் சுவிட்சில் விரலை வைத்தபடி, அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் போட்டாள்.