ஆப்பிள் கிரம்பிளும் தென்கடல் மணலும்

சின்னண்ணே.

பெரியப்பா மகன் எனக்குப் பெரியண்ணன் என்பதால் இவன் சின்னண்ணன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. நான் அதைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே வாசலில் நின்று "சின்னண்ணே" என்பேன். "என்ன புள்ள" என்று உள்ளே இருந்து சத்தம் வரும். இப்போதும் வாய் தானாகக் கூப்பிடுகிறது. அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். நான் வேறு எதையோ தேடுவது மாதிரி அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.

எங்கள் வீடு தீவில், தங்கச்சிமடத்துப் பக்கம். வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். அப்பா படகுக்காரர், நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அண்ணனுக்குப் படகில் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும். அதனால் மண்டபத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் சமையலுக்குப் போனான். கடலில் பட்டம் விட்டுக்கொண்டு பலகையில் நின்று போகிற வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற விடுதி அது. அங்கேதான் ஓவன், கேக், ரொட்டி எல்லாம் பழகினான். எட்டாவதோடு நின்ற நான் நண்டு கம்பெனியில் உட்கார்ந்து வெந்த நண்டிலிருந்து சதை எடுக்கிறேன்.

போன மாதம் ஒரு காலையில் வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். மண்டபத்துக்குப் பக்கத்தில் மாடு குறுக்கே வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான், கண்ணைத் திறக்கவே இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆப்பிள் வாங்கி வந்தார்கள். எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் அதுதான் வாங்குவார்கள். கண் திறக்காதவனுக்கு யார் ஊட்டுவது. கட்டிலுக்கு அடியில் ஏழெட்டுப் பை சேர்ந்துவிட்டது. அவனை ஊருக்குக் கொண்டுவந்த வண்டியிலேயே அந்தப் பைகளும் வந்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆப்பிள்கள் எங்கள் காலில் வந்து முட்டின. வீட்டுக்கு வந்ததும் அம்மா எல்லாவற்றையும் தூக்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டாள்.

முப்பதாம் நாள் செபம் வெள்ளிக்கிழமை என்று முடிவானது. உபதேசியார் வீட்டுக்கு வந்து செபம் சொல்லுவார், சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் வருவார்கள். போனவர்களுக்குப் பிடித்த பண்டம் ஒன்றைச் செய்து வருகிறவர்களுக்குக் கொடுப்பது எங்கள் தெருவில் வழக்கம். திங்கட்கிழமை அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அவனுக்கு என்ன புடிக்கும்டி?"

"என்னம்மா, என்னயக் கேக்குற."

"எனக்குத் தெரியல. என்ன வச்சாலும் திம்பான். நல்லாருக்கும்பான். இருவத்தாறு வருசம் சோறு போட்டவளுக்குத் தெரியலடி. ஊர்ல உள்ள வெள்ளக்காரனுக்கெல்லாம் ஆக்கிப் போட்டான். அவன் கையால ஒரு வாய் நான் தின்னதில்ல."

அழவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்துபோய்க் காய்ந்திருந்த துணியை எடுத்தேன், பாதியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

எனக்கு ஒன்று தெரியும். அதை அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன். அடிபடுவதற்குப் பத்து நாள் முன்னால் அவன் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். அதற்கு முந்தின வாரம் ஆப்பிள் கிரம்பிள் என்று வெள்ளைக்கார இனிப்பு ஒன்றைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அது கிராம்பு என்று காதில் விழுந்தது. "கிராம்பப் போட்டு என்னத்தடா பலகாரம், பல்லுவலிக்கா" என்றாள். அவன் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனான். "ஒருநாள் செஞ்சு தாரேன், தின்னுட்டுப் பேசு" என்றான். பிறகு விடுதியில் லீவு கிடைக்கவில்லை, வீட்டுக்கு வரவே முடியவில்லை. நீயே செய்து கொடு என்று எனக்கு மெசேஜ் போட்டான். நான் முழுசாகக் கேட்கவில்லை. "எனக்கு வேற வேல இல்லையா, ஒன் அம்மாவுக்கு நீயே வந்து செய்யி" என்று பதில் போட்டேன். அவன் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான். நாங்கள் பேசிக்கொண்டது அதோடு முடிந்தது.

இந்த முப்பது நாளில் அந்த மெசேஜை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. நண்டு உடைக்கும்போதும் காதில்தான் ஓடும். அடுப்படிக்குப் பின்னால் வெளியே நின்று பேசியிருக்கிறான், காற்று அடிக்கிறது.

"ஏ புள்ள, கேளு. ஆப்பிளத் தோல் சீவிப் பெருசு பெருசா வெட்டு. பட்டத்தூளு, சீனி, அர மூடி எலுமிச்சம்பழம். தட்டுல பரப்பிரு. அங்கிட்டு ஒரு சட்டியில மைதா, ஓட்ஸு, சீனி, வெண்ண. பிசையாத, பிசிறு. என்ன, பிசிறு. கடக்கர மண்ணு கணக்கா வரணும், அதான் பக்குவம், நம்ம..." இந்த இடத்தில் காற்று ஊதுகிறது. "...கடல் மண்ணு. மேல தூவு. அமுக்காத. அடுப்புல வச்சு எடு. இரு, கூப்புடுறாக."

அவ்வளவுதான். அம்மாவுக்கென்று அவன் சொன்ன ஒரே பண்டம் அது, அதையே செய்துவிடுவது என்று நினைத்தேன்.

யூடியூப்பில் நூறு பேர் செய்கிறார்கள். அம்மா கேட்டது அவர்கள் செய்ததை அல்ல. விடுதிக்குப் போன் பண்ணினேன். அவனோடு வேலை பார்த்த பாத்திரம் தேய்க்கிற அக்காதான் எடுத்தார். "எனக்குத் திங்கத் தெரியும், செய்யத் தெரியாதும்மா. இப்ப ஆளுகளும் வரல, வேற சமையக்காரவுகளும் இல்ல. முப்பதுக்கு நான் வாரேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகவில்லை. ராமநாதபுரம் வரை பஸ்ஸில் போய் ஆப்பிளும் வெண்ணெயும் ஓட்ஸும் வாங்கி வந்தேன். இங்கேயே கிடைக்கும். ஆனால் பஸ்ஸில் இருந்தால் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. பையை அம்மா கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். வாசம் காட்டிக் கொடுத்துவிட்டது.

"யாருக்கு முடியல?" என்று கேட்டாள் அம்மா.

"யாருக்கும் முடியாம இல்லம்மா. இது அந்தக் கிராம்பு."

அம்மா பையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அரிவாள்மனையை எடுத்து வைத்துவிட்டு வெளியே போனாள். வெட்டு என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிசிறு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். புட்டுக்கு மாவு பிசிறுவது. உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பிடித்தால் பிடிபடணும், விட்டால் உதிரணும். அப்படியே செய்தேன். மைதாவிலும் ஓட்ஸிலும் உருக்கின வெண்ணெயை ஊற்றி, உப்புத் தண்ணீர் தெளித்து, நன்றாகப் பிசிறினேன். கட்டி இருக்கக்கூடாது என்று சல்லடையில் வேறு தேய்த்தேன். வடகடல் கரை மண் மாதிரி நைசாக, ஈரமாக வந்தது. நான் குளிக்கப் போகிற கடல், நான் வீடு கட்டி விளையாடின மண் அதுதான். நம்ம கடல் என்றால் எனக்கு அதுதான். சரியாக வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டில் ஓவன் கிடையாது. ரோட்டோரத்து பேக்கரிப் பாயிடம் கொண்டுபோனேன். பன் எடுத்தபிறகு அவர் அடுப்பு இரண்டு மணி நேரம் சூடாகவே கிடக்கும். தட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"ஆப்பிள், மேல ஓட்ஸ்."

"ஆப்பிள் ஆஸ்பத்திரிக்காரன் திங்கிறது. ஓட்ஸு சுகர்காரன் திங்கிறது. ரெண்டயும் சேத்து எவனக் கொல்லப் போற?"

சொன்ன பிறகுதான் நான் யார் தங்கச்சி என்று அவருக்கு நினைவு வந்தது. தாடியைத் தடவிக்கொண்டு தட்டை வாங்கி உள்ளே தள்ளினார். டீ கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. கடைக்கும் ரோட்டுக்கும் நடந்தேன்.

வெளியே எடுத்தபோது மேல்பக்கம் ஓடு மாதிரி இறுகியிருந்தது. பாய் விரலை மடக்கித் தட்டினார். டொக் டொக் என்றது.

"கதவத் தட்டுன மாதிரி இருக்கே. உள்ள இருந்து யாரும் தொறக்கலயா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "அண்ணன் மண்ணு கணக்கான்னுதான் சொன்னான்" என்றேன். போனை எடுத்து அவரிடமே போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எந்தக் கடல் மண்ணு?"

"நம்ம கடல்தான்."

"நமக்கு ரெண்டுல்ல இருக்கு. ஒங்கண்ணன் விடுதி எங்கன இருக்கு?"

விடுதி தெற்குக் கரையில் இருக்கிறது. எனக்கு உறைத்தது. அவன் பேசிக்கொண்டு நின்றதே தென்கடல் கரையில். அவன் காலுக்குக் கீழே கிடந்த மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் எனக்குச் சொல்லியிருக்கிறான். நான் என் கடல் மண்ணை நினைத்துக்கொண்டேன்.

பாய் தட்டைக் கழுவித் தருகிறேன் என்றார். நான் நிற்கவில்லை. வெயிலோடு தெற்கே நடந்தேன், பாதி தூரம் ஓடினேன். செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டேன். தென்கடலை எங்கள் ஆட்கள் ஆண்கடல் என்பார்கள், அலை அடித்துக்கொண்டே இருக்கும். மண்ணும் வேறு. மேட்டில் காய்ந்து கிடந்ததை ஒரு கை அள்ளினேன். பொடி கொஞ்சம், குருணை கொஞ்சம், சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி கொஞ்சம், நடுநடுவே உடைந்த சிப்பி. ஈரமே இல்லை. சிப்பித் துண்டுகள் ஓட்ஸ் மாதிரியே இருந்தன. கையை விரித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முப்பது நாளில் அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதேன். பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு அவர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

புதன்கிழமையும் வேலைக்குப் போகவில்லை. வெண்ணெயை உருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் கல் மாதிரி ஆக்கி, துண்டு போட்டு, மாவோடு விரல் நுனியால் உதிர்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எல்லாம் ஒன்றுபோல ஆவதற்கு முன்னாலேயே கையை எடுத்துவிட்டேன். அமுக்காமல் தூவினேன். பாய் அடுப்பில் இருந்து எடுத்தபோது ஓரங்களில் பழச்சாறு கொதித்து மேலே வந்து, மேல்பக்கம் பொன்னிறமாக உதிரி உதிரியாக நின்றது. பாய் ஒரு வாய் தின்றார். மொறுமொறு என்று சத்தம் எனக்குக் கேட்டது.

"இது பண்டம்" என்றார். "கொண்டு போ. வெள்ளிக்கிழம காலையில அடுப்ப ஒனக்குன்னு விட்டுத் தாரேன்."

அம்மாவிடம் நீட்டினேன். தட்டை வாங்கினாள், முகர்ந்தாள், கீழே வைத்துவிட்டாள்.

"அவன் செஞ்சா இப்படித்தான் இருக்குமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் நானும் அவன் செய்ததைத் தின்றதில்லை.

"தெரியலம்மா."

"அவனுக்குப் புடிக்குமா?"

"அதுவும் தெரியலம்மா."

"அப்பறம் என்னத்துக்குடி இத வச்சு செபம் சொல்ல" என்றாள். தின்னவில்லை. அன்றைக்கும் அடுத்த நாளும் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். செய்ததெல்லாம் வீண் என்றும் தோன்றியது, செய்யாமல் இருந்தால் செத்துவிடுவேன் என்றும் தோன்றியது. வேறு எதுவும் தெரியாததால் வெள்ளிக்கிழமை காலையில் நாலு பெரிய தட்டு செய்தேன்.

படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி உபதேசியார் செபம் சொன்னார். முடிந்ததும் நான் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தேன். விடுதி அக்காவும் வந்திருந்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார்.

அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சரியா இருக்கா?"

"அப்படியே இருக்குக்கா."

"அவனுக்கு இது புடிக்குமா? உண்மையச் சொல்லு. எனக்காகச் சொல்லாத."

அக்கா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "கோவிச்சுக்கிறாதீகக்கா. அவனுக்கு ஆப்பிளே ஆகாது. தொடமாட்டான். ஆனா எல்லாருக்கும் எடுத்து வச்சப்பறம் தட்டு ஏங்கிட்டத் தேய்க்க வரும்ல. அதுக்கு முன்னாடி ஒரு கரண்டிய எடுத்துக்கிட்டு வந்து குத்த வச்சு உக்காந்துருவான். ஓரத்துல தீஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, கருகருன்னு. அதச் சொரண்டிச் சொரண்டித் திம்பான். யாருக்கும் தரமாட்டான். ‘இரு, ஒனக்கு வேல மிச்சம்தான’ன்னு என்னயவே கிண்டல் பண்ணுவான்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். காலியான தட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தரையில் குத்தவைத்து, கரண்டியால் ஓரத்தைச் சுரண்டினாள். கருகினதுதான் வந்தது. வாயில் போட்டாள். நன்றாக மென்றாள். இன்னொரு தடவை சுரண்டினாள்.

"கசக்குது" என்றாள். முழுங்கிவிட்டு, "உள்ள இனிப்பா இருக்கு" என்றாள்.

நாலு தட்டையும் சுரண்டி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. எனக்கும் கொடு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வெளியே ஆட்கள் போய்வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்காக நான் போய் நின்று தலையாட்டினேன்.

இதைப் படித்த நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. என் சின்னண்ணன் இருபத்தாறு வயதில் போய்விட்டான். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தீவில் ஒரு சமையல்காரப் பையன் என்று சொன்னால் மேலே இருப்பவருக்குத் தெரியும். எல்லோரும் அவன் ஆத்துமாவுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.