தேதி போடாத தங்கமணி

தங்கமணி ஒன்பது வருடமாக மன்னார்குடியில் ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைத்தவள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கணினி வழியாகத்தான் தெருவுக்கு வந்தன. அவள் எங்கள் நிறுவனத்தில் டிசைனர் வேலைக்கு விண்ணப்பித்தபோது நான் சிரித்தேன். ஆள் எடுக்கும் பொறுப்பில் நானும் இருந்தேன், அந்தத் திமிர்.

அறுவடை மிஷினை விவசாயிகள் ஃபோனிலேயே வாடகைக்குப் பதிவு செய்கிற செயலி எங்களுடையது. போன மாதம்தான் வெளியிட்டோம். நிறுவனர் சூர்யபிரகாஷ் வந்த மூன்று பேருக்கும் ஒரே தேர்வு வைத்தார்: பதிவு செய்யும் திரையை இன்னும் எளிதாக்கி ஒரு மணி நேரத்தில் தாளில் வரைய வேண்டும். சென்னையிலிருந்து வந்த இருவரும் நாள்காட்டியை அழகழகாக வரைந்தார்கள். தங்கமணியின் திரையில் தேதியே இல்லை. ‘உங்கள் வயலுக்கு முன்னால் யார் வயல்?’ என்று ஒரு கேள்வி. அதன் கீழே சாலையிலிருந்து உள்ளே போகும் வரிசையில் வயல்கள்.

நான் பத்துக்கு இரண்டு போட்டேன்.

“கேட்டத வரையலியே நீங்க,” என்றார் சூர்யபிரகாஷ். “இன்னும் பத்து நிமிஷம் தரேன். தேதியச் சேத்துக் குடுங்க, பாக்கலாம்.”

அவளுக்கு இந்த வேலை கட்டாயம் வேண்டும். ஃப்ளெக்ஸ் கடையை மூடப் போகிறார்கள் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள். ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

“சேக்க மாட்டேன் சார். குடவாசல் பக்கம் எங்களுக்கு மூணு மா, ஒரு ஏக்கர் நெலம், ரோட்ட விட்டு உள்ள கெடக்கு. ரோட்டோரத்து வயல அறுத்தாத்தான் மிஷின் அது வழியா எங்களுதுக்கு வர முடியும். போன தையில மிஷின்காரர்கிட்ட தேதி சொன்னோம், மிஷினும் சரியா வந்துச்சு. முன்னால உள்ளவங்க பயிரு இன்னும் பச்ச. ரோட்டுலயே நின்னுட்டுத் திரும்பிப் போயிருச்சு. நாலாம் நாள் மழை. சாஞ்ச கதிரெல்லாம் மொளச்சுப் போச்சு.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“வரையறதுக்கு முன்னாடியே கேட்டேன் சார். குடுத்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னுட்டாங்க மேடம்.”

அந்த மேடம் நான்தான்.

சூர்யபிரகாஷ் உடனே ஒரு மிஷின் உரிமையாளரை ஃபோனில் பிடித்தார். எங்கள் செயலியை நம்பிப் போய், இந்த வாரம் மட்டும் மூன்று ஊரில் ரோட்டோடு திரும்பியதாக அவர் திட்டித் தீர்த்தார். நான் போட்டிருந்த இரண்டை நானே அடித்தேன்.

“திங்கக்கிழம வந்து சேந்துக்குங்க,” என்றார் சூர்யபிரகாஷ்.

தங்கமணி சிரிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

“வரேன் சார். ஆனா ஆப்புல உள்ள அந்தத் தேதிய இன்னைக்கே எடுத்துருங்க. திங்கக்கிழமைக்குள்ள இன்னும் எத்தன பேரு அத நம்பி உக்காந்துருப்பாங்களோ.”