மாப்பிள்ளை கையில் மோதிரம்

"நீட்டு. திருப்பு. விரலை விரி."

காலை வேலை தொடங்குமுன் மாட்டிறைச்சிக் கூடத்தின் வாசலில் கேட்கும் குரல் இது. பூட்ஸைக் கழுவி, தலைக்கு வலை மாட்டி வருகிற ஒவ்வொருவரும் அந்த அம்மாள் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டியாக வேண்டும். சுகாதாரக் கண்காணிப்பாளர் என்பது சம்பளச் சீட்டில் இருக்கிற பெயர். கூடத்தில் எல்லோருக்கும் அவர் ஜோசியக்காரம்மாதான்.

அந்தப் பட்டத்தில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. நகம் வளர்ந்திருந்தால், "உனக்குச் சனி நகத்துல உட்கார்ந்திருக்கான், வெட்டிட்டு வா" என்பார். விரலில் வெட்டுக்காயம் இருந்தால், "இன்னிக்குக் கறி தொடுற யோகம் இல்ல, போய் அட்டைப்பெட்டி மடி" என்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

விருந்துக்குப் போனாலும் சாப்பாட்டைப் பார்க்குமுன் பரிமாறுகிறவர் கையைத்தான் பார்ப்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த லட்சணமும் அதுதான். கறி வெட்டும் பிரிவிலேயே நகம் சுத்தமாக இருந்த ஒரே பையன்!

அந்தப் பையன் இன்று நீட்டிய கையில் பளபளவென்று ஒரு மோதிரம். நேற்றுதான் நிச்சயம் ஆயிற்று.

"கழட்டுங்க மாப்பிள்ளை."

"அத்தை, உங்க பொண்ணு போட்டது. எப்பவும் விரல்லதான் இருக்கணும்னு சத்தியம் வாங்கியிருக்கா. கழட்டி லாக்கர்ல போட்டா கல்யாணமே வேண்டாம்கிறா."

மகளின் பிடிவாதம் பெற்றவளுக்குத் தெரியாதா? அது தாய்வழிச் சொத்து. பின்னால் நின்ற எலும்பு வெட்டுகிறவர் தொண்டையைச் செருமினார். போன வாரம் அவருடைய மோதிரத்தை இதே அம்மாள்தான் கழற்ற வைத்தார்.

"நாங்க போட்டா அழுக்கு, மாப்பிள்ளை போட்டா அழகா?"

வரிசையே சிரித்தது. அம்மாளும் சிரித்தார். சிரித்தபடியே மாப்பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்தார். மோதிரத்துக்கு அடியில் குடித்தனம் நடத்தும் அழுக்கு கறியோடு போய் யார் வீட்டுக் குழந்தையின் தட்டிலாவது விழும். மகளோ சொன்னால் சொன்னதுதான்.

சோப்பைக் குழைத்துத் தடவி, மோதிரத்தை மெல்ல உருவினார்.

"விரல்ல இருக்கணும், அவ்வளவுதானே? இருக்கும். அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க கையைக் கழுவிட்டு உள்ள போங்க."

அதைத் தம் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டார். பிறகு கீழே பார்த்தார். நகை அணிந்தவர் யாரும் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நிற்கக்கூடாது. தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய், வெயிலில் உட்கார்ந்தார்.