விலாங்கின் வயிற்றில் ஒரு நம்பர்

போன சனிக்கிழமை மத்தியானம் எதிர் வீட்டு யோகன் எங்கள் பின்கதவைத் தட்டினார். எப்போதும் முன்கதவில் பெல் அடிக்கிறவர். கையில் அலுமினியம் ஃபாயிலில் சுற்றிய ஏதோ ஒன்று. மீன் வாடை. முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணை, உங்கட போனை ஒருக்கா ஓஃப் பண்ணுங்கோ."

பண்ணினேன். ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

யோகன் யாழ்ப்பாணத்துக்காரர். பல வருஷத்துக்கு முன் அடைக்கலம் தேடி இந்த நாட்டுக்குப் படகில் வந்தவர். கிரான்பர்னில் எங்கள் தெருவில் வாடகை வீடு, கோழி ஃபேக்டரியில் வேலை. இன்னும் தற்காலிக விசாதான். நிரந்தர விசாவுக்கான மனு யாருடைய மேஜையிலோ கிடக்கிறது. அது வந்தால்தான் ஊரிலிருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிட முடியும். அதனால் மனிதர் ஒரு பார்க்கிங் ஃபைன்கூட வாங்கியதில்லை. வண்டியே வராத ரோட்டிலும் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் கடப்பார்.

அவருடைய ஒரே பொழுதுபோக்கு தூண்டில். அதற்கும் லைசென்ஸ் உண்டு — பர்ஸில் ஒன்று, தொப்பிக்குள் அதன் நகல் ஒன்று.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு என்பார்கள். யோகன் யாருக்கும் எதையுமே காட்டாமல் வாழ்கிறவர். அப்படிப்பட்டவருக்கு அன்று காலை ஆற்றில் பெரிய விலாங்கு ஒன்று மாட்டியிருக்கிறது. மிளகுக் குழம்பு வைக்கலாம் என்று வயிற்றைக் கீறினால்... உள்ளே விரல் நுனி அளவில் ஒரு கறுப்பு உருளை. அதன் மேல் ஒரு நம்பர்.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். யோகன் ஜன்னலைச் சாத்தியிருக்கிறார். சிக்னல் போகக்கூடாது என்று ஃபாயிலில் சுற்றியிருக்கிறார்.

"உது அரசாங்கத்தின்ர சாமான். என்ர குசினிக்குள்ள கிடக்கெண்டு இப்ப அவைக்குத் தெரியும், அண்ணை. என்ர விசா முடிஞ்சுது."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். படகில் வந்ததும் அடைத்து வைத்த முகாமில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். நம்பர்தானாம். ஒருமுறை அவரே சொன்னது. அந்த மனிதர் நம்பரைப் பார்த்து எப்படிச் சிரிப்பார்?

ஆற்றிலேயே எறிந்துவிடுகிறேன் என்றார். எறிவதை யாராவது பார்த்துவிட்டால் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது — நான் ஏன் பயப்படுகிறேன்?

ஃபாயிலைப் பிரித்தோம். பொடி எழுத்தில் ஒரு போன் நம்பரும் இருந்தது. என் போனை ஆன் செய்து அழைத்தேன்.

எடுத்தவர் விலாங்குகளை ஆராயும் ஒரு பெண். அவருக்கு ஒரே சந்தோஷம். இந்த விலாங்குகள் வளர்ந்ததும் மழை வெள்ளத்தோடு கடலில் இறங்கி, வடக்கே பவளக் கடல் வரை போய், முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகுமாம். எப்போது, எந்த வழியாகப் போகின்றன என்று அறிய, வயிற்றில் இதை வைத்துத் தைத்து விடுகிறார்களாம். தண்ணீருக்குள் இது சத்தம் போடுமாம்; ஆற்றில் அங்கங்கே அதைக் கேட்கும் கருவிகள். தண்ணீருக்கு வெளியே இது சும்மா ஒரு பிளாஸ்டிக். பிடித்ததில் தப்பே இல்லை.

கிளம்பத் தயாரான விலாங்கு இரையைத் தொடாதாம். தூண்டிலில் மாட்டியதென்றால் வெள்ளத்தைத் தவறவிட்டு, அடுத்த மழைக்காகக் காத்திருந்திருக்கும் என்றார்.

எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். யோகன் அந்த உருளையைத் துடைத்து மேஜையில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மற்றதுகள் போய்ச் சேந்திட்டுதோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். முகத்துவாரம் தாண்டியதும் சத்தத்தைக் கேட்கக் கருவி இல்லை, அதற்குமேல் பெரும்பாலும் தெரியாது என்றார். அதையும் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் அந்தப் பெண், நன்றிக் கடிதம் அனுப்ப வேண்டும், பிடித்தவர் பெயரும் முகவரியும் கொடுங்கள் என்றார். யோகன் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

நான் சிட்டிசன். உறுதிமொழி எடுத்த போட்டோவை ஹாலில் மாட்டியிருக்கிறேன். என் பெயரைச் சொல்ல என்ன தயக்கம்? சொன்னேன், முகவரியையும் சொன்னேன்... ஆனால் எழுத்துக்கூட்டும்போது என் பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக் கார் மெதுவாக ஊர்ந்து வந்து நின்றது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். பீட்சா டெலிவரி. எதிர் வீட்டிலும் திரை அசைந்தது.

ஒரு மத்தியானம் பயந்த எனக்கே இப்படி... வருஷக்கணக்கில் அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கிறவருக்கு?