உசுரு லைட்டு

என் கடை மேஜையின் இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புக்கும் துருப்பிடித்த கத்தரிக்கும் நடுவில், ஒரு சின்ன எல்.இ.டி பல்பு கிடக்கிறது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. சிவப்பு. இரண்டு கம்பிக் கால்களில் ஒன்றை உப்புக் காற்று பாதி தின்றுவிட்டது. கடையைக் கூட்ட வருகிற பெண் இதுவரை மூன்று தடவை அதைக் குப்பையில் போட்டிருக்கிறாள். மூன்று தடவையும் நான் கூடையைத் தரையில் கவிழ்த்துத் தேடி எடுத்திருக்கிறேன். "இன்னாக்கா இது, வைரமா?" என்று கேட்டாள். வைரமாக இருந்தால் நான் ஏன் குப்பையைக் கிளறப்போகிறேன், மூன்றாம் நாளே அடகுக்குப் போயிருக்கும். "எங்க அண்ணியோட உசுரு லைட்டு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

என் அண்ணன் திருவொற்றியூர்க் குப்பத்தில் பைபர் படகு, எங்கள் வாயில் பைபர் போட்டு, வைத்து மீன் பிடிக்கிறவர். அண்ணியோ வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்தவர். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவர். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில், பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் டோக்கன் நம்பர் காட்டுகிற சிவப்பு விளக்கு போர்டுகளைச் செய்கிற சின்னக் கம்பெனியில் வேலை. காதல் கல்யாணம். யார் முதலில் பேசியது என்று கேட்டால் இன்றைக்கும் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். வந்த புதிதில் அண்ணிக்கு வஞ்சிர மீனுக்கும் மாவுலா மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. குப்பத்துப் பெண்கள் சிரித்தார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பொய் சொல்வானேன், அப்போது எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

எனக்குக் கல்யாணமாகி ராயபுரம் வந்து, கல்மண்டபத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நான்கு கம்ப்யூட்டர், நான்கு பலகைத் தடுப்பு. போன் லைனை எடுத்து, அது கீச்சுக் கீச்சென்று கத்தி, ஒரு படம் நெற்றியில் ஆரம்பித்து மோவாய் வரைக்கும் இறங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். பிறகு பிராட்பேண்ட் வந்தது. அதே பழைய போன் கம்பியில்தான் வந்தது. மேஜையில் ஒரு மோடம், அதில் நாலு பச்சை விளக்கு, அவ்வளவுதான். எனக்கு வாடிக்கை கூடியதில் சந்தோஷம். அண்ணிக்குச் சந்தோஷம் வேறு. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மோடத்தின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "அதே செம்புக் கம்பிதான் பாப்பா. நாம பேசறதும் அதுலதான் போவுது, நெட்டும் அதுலதான் போவுது. ஒண்ணை ஒண்ணு இடிச்சிக்கல பாரேன். எவனோ ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சிருக்கான்" என்றார். அந்த முகம் தெரியாத ஒருவனுக்காக அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் அண்ணியைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினேன் என்று நினைக்கிறேன்.

சுனாமி வந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் குப்பம் கலங்கிப்போகிற காலம். டீக்கடையில் ஒருவன் ஒன்று சொல்வான், அது தெருமுனைக்குப் போவதற்குள் மூன்றாகிவிடும். கடற்கரையில் மீனவர் சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒரு போர்டு மாட்டினால் என்ன என்று அண்ணிக்குத் தோன்றியது. கம்பெனியில் கழித்துப்போட்ட விளக்குகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, ஆறடி நீளத்துக்கு ஒவ்வொன்றாக ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தார். நான் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று சங்கத்து அறையில் உட்கார்ந்தது, அங்கிருந்த போனில் பிராட்பேண்ட் இழுத்தோம். வானிலைச் செய்தியை நான் கல்மண்டபத்தில் பார்த்துத் தட்டினால், திருவொற்றியூரில் சுவரில் எரியும். இதைச் சொல்லிச் சொல்லி நான் எங்கள் தெருவில் போட்ட அலட்டலுக்கு அளவே இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. கம்பெனி போர்டுகளுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். தமிழ் எழுத்தில் எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று அண்ணியே வரைய வேண்டியிருந்தது. கட்டம் போட்ட தாளில் வரைந்திருக்கலாம். வீட்டில் வலைதான் இருந்தது. அண்ணனின் பழைய நைலான் வலையில் ஒரு துண்டை வெட்டிக் கட்டிலில் இழுத்துக் கட்டி, எரிய வேண்டிய முடிச்சிலெல்லாம் சிவப்பு நூல் சுற்றினார். ஒரு வாரம் உட்கார்ந்து செய்து போர்டில் ஏற்றினால், 'கடல்' என்ற எழுத்து மூன்றும் குடித்தவனைப்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அண்ணன் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு பக்கமா இஸ்தா கண்ணு கோணிக்கும்மே. வலைன்னா நாலு பக்கமும் கட்டணும்" என்று தானே கட்டிலில் குனிந்து, வலைக்கண் ஒவ்வொன்றும் சதுரமாகும்வரை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். அப்புறம் ஒவ்வொரு ராத்திரிச் சாப்பாட்டுக்கும் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வலையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து எழுத்து கட்டினார்கள்.

போர்டு எரிந்தது. அதில் ரேடியோத் தமிழ் கிடையாது. நல்ல நாளில் 'கடல் சாது' என்று போடுவோம். கெட்ட நாளில் 'காத்து வருது. போவாதீங்க.' நம்ம பாஷையில பேசுது என்று குப்பத்துக்கு ஒரே பெருமை. மூன்று மாதத்தில் டீக்கடைப் பேச்சு அடங்கிவிட்டது. போட்டைத் தள்ளுவதற்கு முன்னால் ஆட்கள் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணனோ ஒரு படி மேலே போய், கூட்டாளிகளை நிறுத்திவைத்துப் படித்துக் காட்டுவார். படிக்கத் தெரிந்தவர்களுக்கும் படித்துக் காட்டுவார்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் பக்கம் நல்ல மழை. சாயங்காலம் எச்சரிக்கை வந்தது. நான் 'காத்து வருது. போவாதீங்க.' என்று தட்டினேன். போய்விட்டது என்று திரையில் வந்தது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேறு எதற்கோ சங்கத்துக்குப் போன் போட்டேன். கரகரவென்று ஒரே இரைச்சல். அண்ணிதான் எடுத்தார். "போட்டெல்லாம் கரையிலதானே கீது?" என்று சும்மா கேட்டேன். "நீ இன்னா போட்ட?" என்றார். சொன்னேன். போனை வைக்காமலே அண்ணி வெளியே ஓடிய சத்தம் கேட்டது.

மழைத் தண்ணீர் போன் கம்பத்து இணைப்பில் இறங்கி, ஏற்கெனவே பச்சை பிடித்திருந்த செம்பை அரித்துவிட்டிருந்தது. பேச்சு போகிற அளவுக்குக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது, நெட் போகிற அளவுக்கு இல்லை. நான் தட்டியது என் கடையை விட்டுக் கிளம்பியதோடு சரி, போய்ச் சேரவே இல்லை. போர்டு முந்தின நாள் செய்தியையே பிடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடி, ஜம்மென்று 'கடல் சாது' என்று எரிந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் போட்டு போயிருந்தது. அண்ணனும் போயிருந்தார். விடியலில் அண்ணிதான் போர்டைப் பார்த்துவிட்டு வந்து, "சாதுன்னு போட்டுகீது, போய்ட்டு வா" என்று அனுப்பியிருக்கிறார்.

மத்தியானம் காற்று வந்தது. நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அண்ணி கரையில் கொட்டியிருந்த பாறாங்கல் மேல் நின்றிருந்தார். அழவில்லை. நான்தான் அழுதேன். சாயங்காலத்துக்குள் மற்ற போட்டெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அண்ணனின் போட்டு மட்டும் வரவில்லை. மறுநாள் மத்தியானம், எஞ்சின் செத்து, வலையைக் கடலிலேயே அறுத்துவிட்டு, எண்ணூர் முகத்துவாரத்தில் அண்ணனும் கூட்டாளிகள் இருவரும் ஒதுங்கினார்கள் என்று ஓர் ஆள் வந்து சொன்னார். அண்ணன் வீட்டுக்கு வந்தார், ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தார், படுத்தார். அண்ணியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வாரத்திலிருந்து, கரைக்குப் போகச் சங்கத்து வழியை விட்டுவிட்டு, கோயிலைச் சுற்றிக்கொண்டு போகிற நீட்டு வழியில் போக ஆரம்பித்தார். அந்தப் போர்டு இருக்கிற சுவரைக்கூடப் பார்க்கக் கூடாது என்று.

ஊர்க் கூட்டம் போட்டார்கள். எங்கள் குப்பத்துக் கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்பதுதான் வழக்கம். போர்டைக் கழற்றிவிடலாம் என்று தலைவர் சொன்னபோது, அண்ணி ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார். கம்பியைச் சரியாகப் பார்க்காதவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு பாப்பா" என்று என்னை அடக்கினார். அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "கம்பி மேல தப்பு இல்ல தலைவரே. கம்பின்னா அறுந்துதான் போவும். அறுந்துபோச்சின்னு சொல்லத் தெரியாத போர்டை மாட்டினது நானு. தெரிஞ்சா தெரியும்னு சொல்லணும், தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். எனக்கு ஒரு மாசம் குடுங்க. அதுக்கப்புறமும் அது பொய் சொன்னா நானே கடல்ல போட்டுடறேன்." தலைவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

அண்ணி செய்தது இதுதான். என் கடைக் கம்ப்யூட்டர் ராவும் பகலும் அணையாமல், நிமிஷத்துக்கு ஒருதரம் 'இருக்கேன்' என்று போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது வந்துகொண்டிருக்கும்வரை போர்டின் வலது மூலையில் ஒற்றைச் சிவப்பு விளக்கு நாடி அடிப்பதுபோல விட்டு விட்டுத் துடிக்கும். ஐந்து நிமிஷம் அந்தச் சத்தம் வராவிட்டால், போர்டு இருக்கிற எழுத்தையெல்லாம் தானே அழித்துவிட்டு இருட்டாகிவிடும். பெரிய பெரிய கம்பெனிகளில் இதற்கெல்லாம் ஒரு பேர் வைத்திருப்பார்களாக இருக்கும். எங்கள் குப்பத்தில் அதற்கு உசுரு லைட்டு என்று பேர். வீடு வீடாகப் போய் அண்ணி சொன்னார்: "லைட்டு அடிச்சா படிங்க. இருட்டா இருந்தா எனக்குத் தெரியலன்னு அர்த்தம்." மற்றவர்கள் மெல்லத் திரும்பி வந்து பார்த்தார்கள். அண்ணன் மட்டும் கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் போனார். அண்ணி என்னிடம் ஒருநாள், "ஊரே நம்பி இன்னா பாப்பா, அவரு நம்பணும்" என்றார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது.

ஊர் கொடுத்த ஒரு மாசம் முடிய நாலு நாள். ரோட்டில் பள்ளம் தோண்டியவர்கள் கம்பியைச் சுத்தமாக அறுத்துவிட்டார்கள். போனும் இல்லை, நெட்டும் இல்லை. அந்த விடியற்காலையில் நான் குப்பத்தில்தான் இருந்தேன், முந்தின நாள் திருவிழாவுக்குப் போய்த் தங்கியிருந்தேன். போர்டு கன்னங்கரேலென்று இருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கடல் தொட்டியில் பிடித்த தண்ணீர் மாதிரி கிடந்தது. ஆட்கள் கூடிவிட்டார்கள். "இன்னா அண்ணி, போர்டு தூங்கினு கீதா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி, "லைன் இல்ல. எனக்குத் தெரியல" என்றார். அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! ஐந்தாறு போட்டு கிளம்பிவிட்டது.

அப்போது அண்ணன் வந்தார். சங்கத்து வழியில் வந்தார். கோயில் பக்கத்திலிருந்து இல்லை. போர்டுக்கு முன்னால் நின்றார், வலது மூலையையே பார்த்தார். துடிக்குமோ என்று பொறுமையாகப் பார்த்தார். பிறகு கூட்டாளிகள் பக்கம் திரும்பி, "எஞ்சினை எறக்கு" என்றார். கடலுக்குப் போகாத நாளில்தான் போட்டிலிருந்து எஞ்சினைக் கழற்றி, கழியில் மாட்டித் தோளில் வீட்டுக்குத் தூக்கிவருவார்கள். "வானம் வெளுத்துகினு கீதே நைனா" என்றான் ஒருவன். "லைட்டு அடிக்கல. அவளுக்கே தெரியலன்றா. அப்புறம் இன்னா?" என்றார் அண்ணன்.

அன்றைக்குக் கடல் கடைசிவரை சாதுவாகவே இருந்தது. போனவர்கள் கூடை கூடையாகச் சங்கராவும் காணாங்கெளுத்தியும் கொண்டுவந்து இறக்கி, எங்கள் வாசலில் நின்று நக்கலடித்தார்கள். அண்ணன் வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டே, "போங்கடா, போங்க" என்று சிரித்தார். அண்ணி அடுப்பங்கரையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடலில் புருஷன் காணாமல் போன அன்றைக்குக்கூட அழாதவர். போர்டைக் கழற்றுகிற பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

போன வருஷம் சங்கக் கட்டடத்தை இடித்தார்கள். அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே எல்லார் கையிலும் போன் வந்து போர்டு அணைந்துவிட்டது. இடிப்பதற்கு முன்னால் அண்ணன் ஏணி போட்டு ஏறினாராம். உப்பு எல்லாவற்றையும் தின்றிருந்தது. மூலையிலிருந்த அந்த ஒன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து என் கடையில் கொடுத்தார். "வூட்ல வெச்சா அவ பார்த்து அழுவா" என்றார். அழுவது யார் என்று எனக்குத் தெரியும். இப்போதும் குப்பத்தில் யாராவது போனைப் பார்த்துப் புயல் என்றோ மழை என்றோ சொன்னால், அண்ணன் முதலில் கேட்கிறது, "அது எப்ப சொன்னது?"

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்கு வந்திருந்தார்கள். நான் இழுப்பறையைத் திறந்து பல்பை எடுத்து, பொத்தான் பேட்டரி ஒன்றின் இரண்டு பக்கத்திலும் அதன் கால்களை வைத்து அழுத்தினேன். எரிந்தது. அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாசல்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"எரியுதே தவிர அடிக்கலையே" என்றார். "எவனும் இன்னைக்குக் கடலுக்குப் போவாதீங்கடா."