எதிர்ப் பலகையின் கூட்டம்

அந்தச் செய்தி பொய். நான்தான் எழுதினேன்.

இதை முதன்முதலாக எனக்கே சொல்லிக்கொண்டது, இராஜபாளையத்தை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது. தோளில் துணிப்பை. விரல்களில் சாக்பீஸ் தூள் இன்னும் போகவில்லை...

எண்பதுகளின் கடைசி அது. ஆறாம் வகுப்போடு நின்று ஊர் ஊராகத் திரிந்தவன் நான். இராஜபாளையம் பேருந்து நிலையத்து டீக்கடையில் தண்ணீர் சுமந்தேன். கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்துத் தினமும் ஊர்ச் செய்தி எழுதினேன். நாலு பேர் நின்று படித்தால் போதும், பசி தெரியாது!

எதிரே சைக்கிள் கடைக் காதரும் ஒரு பலகை வைத்தான். தினம் ஒரு விடுகதை, விடை மறுநாள். என் பக்கம் நின்ற கால்கள் ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்தன. டீ குடிப்பவர்கள் என் பலகையில் முதுகைச் சாய்த்தார்கள். நீங்கள் எழுதிய வரியை ஒருவர் முதுகால் அழித்ததுண்டா?

ஒருநாள் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘செட்டியார்பட்டி மில்லில் திங்கள்கிழமை ஆள் எடுப்பு.’

கூட்டம் திரண்டது! காதரே வந்து படித்தான்.

“யாருலே சொன்னா ஒனக்கு?”

“போலே, போய் விடுகதை போடு. செய்தி நாங்க போட்டுக்கிடுதோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். முத்தையா அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து விறகுக் கடையில் விறகு பிளப்பவர். காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது என் பலகையைத்தான் படிப்பார். காதர் பக்கம் ஒருநாளும் போனதில்லை.

“தம்பி, நெசந்தானா? நம்பி இந்த வேலைய விட்டுருவேன். வீட்ல அவளுக்கு இது ஒம்பதாம் மாசம்...”

“போர்டுல போட்டிருக்கேன்லா அண்ணாச்சி!”

‘இனி ஒம்ம கட்டைய நீரே பொளந்துக்கிரும்’ என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாராம். திங்களன்று மில் வாசலில் காவல்காரர் விரட்டினார். பழைய இடத்துக்குத் திரும்ப முகமில்லை.

அன்று மதியம் டீக்கடைக்கு வந்தார். ஏசுவார், அடிப்பார் என்று நின்றேன்.

“மில்லுக்காரன் ஏமாத்திட்டான் தம்பி. நீ என்ன செய்வ, நல்லதுக்குத்தான எழுதுன...”

அப்போதாவது சொன்னேனா? இல்லை! ஒரு டீ கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும் முன்பே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை மடவார் வளாகத்து விறகுக் கடையில் போய் நின்றேன். அங்கே ஓர் ஆள் குறைகிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

“பொளந்து பழக்கமாலே?” என்றபடி முதலாளி கோடாலியை நீட்டினார்.

அதன் பிடி வேறொருவர் கைக்குத் தேய்ந்திருந்தது. வாங்கிக்கொண்டேன்.